எதுவுமே நடக்காத ஓடுபாதை

மாண்பும் மதிப்பும் ஒருங்கே பொருந்தி, இந்த மதிய விருந்துக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் மார்லோ ஹார்பர் மேயர், அம்மையார் கேண்டஸ் வீலாக் அவர்களே! எந்தக் கேள்வி கேட்டாலும் புன்னகையையே பதிலாக வழங்கும் புதுக்கலையில் கைதேர்ந்தவராம் நம் விமான நிலைய இயக்குநர் பிரெஸ்டன் லாட்டிமர் அவர்களே! அவர் சிரித்தால் சிரிக்கவும், அவர் எழுந்தால் எழவும் அயராது பயிற்சி பெற்ற விமான நிலையக் குழு உறுப்பினர்களே! விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று, உருளைக்கிழங்கு மொறுமொறுக்கும் ஹாட்டிஷ் என்னும் நம் ஊர்ப் பதார்த்தத்தைத் தட்டுத் தட்டாக வேகவைத்து எடுத்த லூத்தரன் தேவாலயத்துத் தாய்மார்களே! பனியில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கூடத்தின் பனித்தரையில் பலகை விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டு, காலடி சில்லிட, கைகள் தட்டத் துடிக்க அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அன்று என் விமானத்தில் அமர்ந்திருந்து, இன்றும் உயிரோடு அமர்ந்திருக்கும் என் அருமைப் பயணிகளே! கேப்டன் லொரெய்ன் ஹாக்ஸ்டாட் ஆகிய நான் உங்கள் அனைவரையும் தலைவணங்கி வரவேற்கிறேன்.

இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு பொருள்கள் பளபளக்கின்றன. ஒன்று பதக்கம், எனக்கு. பேராபத்திலிருந்து பயணிகளைக் காத்த வீரத்துக்காகவாம். மற்றொன்று கோப்பை, நம் விமான நிலையத்துக்கு. பத்தாண்டுகளாக ஓர் ஆபத்தும் அண்டாத ஓடுபாதை என்பதற்காகவாம். ஒரே மேசை, ஒரே மேடை, ஒரே மதியம்! நான் கேட்கிறேன்: எதுவுமே நடக்கவில்லை என்றால் எனக்கு எதற்குப் பதக்கம்? ஏதோ நடந்தது என்றால் உங்களுக்கு எதற்குக் கோப்பை?

சிரிக்காதீர்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கலாம். அது அவருக்குப் பழக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதத்து முற்பகல். ஏரிப் பக்கமிருந்து பனி, சுவர் சுவராக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஓடுபாதையில் விழுந்த பனியைத் தள்ளி ஒதுக்க, முன்னால் பெரிய தகடு பூட்டிய வண்டியோடு டார்லீன் ஓஸ்ட்பி இறங்கியிருந்தார். திருட்டுத்தனமாக அல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு. அந்தக் கோபுரத்தில் அமர்ந்திருந்தவர் வெண்டல் குரோச். வானத்தில் வரும் விமானங்களோடு பேச ஒருவர், தரையில் நகரும் வண்டிகளோடு பேச ஒருவர், இருவருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் என்று ஒரு காலத்தில் மூவர் இருந்த இடம் அது. ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருவர் வேலையை விட்டுப் போனார். மூன்று நாற்காலிகளுக்கும் மீந்தவர் வெண்டல். அந்த ஏற்பாட்டுக்கு நம் நிர்வாகம் சூட்டிய திருநாமம், 'சிக்கன நிர்வாகம்'. ஆகா, எத்தனை அழகான சொல்! சட்டைப் பொத்தான்கள் எல்லாம் அறுந்து விழுந்த பிறகு அதைக் காற்றோட்டம் என்று அழைப்பதைப் போல!

டார்லீன் பேசும் அலைவரிசை வேறு. நான் பேசும் அலைவரிசை வேறு. அவர் குரல் எனக்குக் கேட்காது. என் குரல் அவருக்குக் கேட்காது. எங்கள் இருவரையும் இணைக்கும் ஒரே பாலம் வெண்டலின் இரு காதுகள். அந்த நேரம் பார்த்து மருத்துவமனை ஹெலிகாப்டர் ஒன்று அவரை அழைக்கிறது. மேசையில் தொலைபேசியும் மணியடிக்கிறது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் டார்லீன் இருப்பது, அந்த மனிதரின் நினைவிலிருந்து நழுவியது. எனக்குத் தரையிறங்க அனுமதி தந்தார்.

டார்லீன் சும்மா இருந்தாரா? இல்லை! கேட்டார். "கோபுரம், நான் இன்னும் ஓடுபாதைலதான் இருக்கேன். ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டார். பதில் இல்லை. மீண்டும் கேட்டார். வெண்டல் தொலைபேசியில் இருந்தார்.

நாங்கள் மேகத்தைக் கிழித்து வெளியே வந்தோம். ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள், பக்கத்து இருக்கையிலிருந்து என் துணை விமானி டெஸ்மண்ட் குவார்ல்ஸ், "அது என்ன ஆரஞ்சு கலர்ல மினுங்குது?" என்றார். அடுத்த நொடி அலறினார். "வண்டி! வண்டி நிக்குது! தூக்குங்க கேப்டன், தூக்குங்க!"

தூக்கினேன். தோழர்களே, பத்திரிகைகள் எழுதுவதைப் போல ஜெட் விமானம் குதிரை அல்ல, கடிவாளத்தைச் சுண்டியதும் முன்னங்கால் தூக்குவதற்கு. என்ஜின் உறுமி வலுவெடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சற்று நேரம் முழுவதும் விமானம் கீழேதான் சரிந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. விளக்கு போய் வண்டி தெரிந்தது. வண்டிக்குள்ளே ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது. நான் வீரத்தோடு இருந்தேனா? வெட்கமில்லாமல் சொல்கிறேன், "மேல போ, மேல போ, மேல போ" என்று ஓர் இயந்திரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். போயிற்று. எங்கள் சக்கரங்கள் டார்லீனின் கூரைக்கு மேலே கடந்தன. அவர் வண்டியின் ரேடியோக் கம்பி வளைந்தது. அவ்வளவுதான் சேதம்.

என்ன ஆர்வில், கையைத் தூக்குகிறீர்கள்? "என் பேன்ட் பூரா காபி!" என்கிறீர்களா? ஆமாம், மன்னியுங்கள், என் பயணி ஆர்வில் ஸ்டாங்கின் கால்சட்டையும் சேதம். அன்று இறங்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, வண்டி ஓட்டத் தெரியாதா உனக்கு? கார்ல போயிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்" என்றார். ஐயா, கொஞ்சம் பிசகியிருந்தால் வேறு இடத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்!

இன்னொரு சுற்றுச் சுற்றித் தரையிறங்கினோம். நான் நேரே பனிவண்டிக் கொட்டகைக்கு நடந்தேன். என்ஜினைக்கூட அணைக்காமல் வண்டியின் படியில் டார்லீன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் மேல போனவங்களா?" என்றார்.

"ஆமா. நீங்கதான் கீழ இருந்தவங்களா?"

"ஏரோப்ளேனோட வயித்தை இவ்ளோ கிட்டக்க நான் பாத்ததே இல்ல கேப்டன். ரொம்ப அழுக்கா இருக்கு. கழுவச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு பார்க்கிறேன், அவர் கண்ணில் வருவது சிரிப்பின் நீர் அல்ல. கையுறையைக் கழற்ற முயல்கிறார், கழன்று வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். "ரெண்டு வாட்டி கேட்டேன். யாருமே பேசல. பதிலே வரலைன்னதும், ஊர்ல நான் ஒருத்திதான் மிச்சம் இருக்கேனோன்னு தோணிடுச்சு" என்றார்.

அன்று மாலையே நம் இயக்குநர் என்னைத் தேடி வந்தார். கவலையோடு வந்தார். பயணிகளைப் பற்றியா? இல்லை. டார்லீனைப் பற்றியா? இல்லவே இல்லை. ஒரு சொல்லைப் பற்றி!

"கேப்டன், டிவிக்காரங்க கேட்டா மயிரிழைல தப்பிச்சோம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"வேற எப்படிங்க சொல்றது?"

"எதிர்பார்த்ததைவிட இடைவெளி கொஞ்சம் குறைவா இருந்துச்சுன்னு சொல்லலாமே."

என்னே சொல்நயம்! என்னே சுவைநயம்! இனி நம் ஏரியில் யாரும் மூழ்கமாட்டார்கள். எதிர்பார்த்ததைவிடத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக இருக்கும். இனி நம் ஊரில் எந்த வீடும் எரியாது; எதிர்பார்த்ததைவிட வெப்பம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இந்த இலக்கணப்படிதான், அன்பர்களே, பத்தாண்டுகளாக இங்கே விபத்தே இல்லை!

அதன் பிறகு விசாரணை. அதன் முடிவு என்ன? டார்லீனுக்கு வேலை போயிற்று. காரணம்? பதில் வராதபோது அவராகவே வெளியேறியிருக்க வேண்டுமாம். கேள்வி கேட்டது அவர், பதில் சொல்லாதது நாம், தண்டனை கேட்டவருக்கு! ஒரே ஓடுபாதை, ஒரே முற்பகல். மேலே இருந்தவளுக்குப் பதக்கம், கீழே இருந்தவளுக்குப் பணிநீக்கம்!

வெண்டல் என்ன செய்தார் தெரியுமா? ஒளிந்துகொண்டாரா? விசாரணைக்காரர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று, "மறந்தது நான்தாங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா நாளைக்கு என் எடத்துல வேற எவனை ஒத்தையா ஒக்கார வெச்சாலும் அவனும் மறப்பான்" என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மற்ற இரண்டுக்கும் காது கேட்கவில்லை. அவரை விடுப்பில் அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். எத்தனை பேரை? ஒருவரை! ஒரே ஒருவரை! ஆனால் வரவேற்புக் கூடத்தில் செயற்கை அருவி ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறது. அதைப் பராமரிக்க ஆள் எத்தனை? இருவர்! அருவிக்கு இருவர், ஆகாயத்துக்கு ஒருவர்!

நான் மிகைப்படுத்துகிறேன் என்று எவரேனும் நினைத்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழை நினைத்துப் பாருங்கள். டெனெரிஃப் தீவு. ஓடுபாதை முழுவதும் மூடுபனி. ஒரு ஜம்போ விமானம் பறக்க ஓடத் தொடங்குகிறது. இன்னொன்று அதே ஓடுபாதையில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடத் தொடங்கிய விமானத்துக்குள்ளேயே ஒருவர் கேட்டார், எதிரே இருப்பவர் இன்னும் விலகவில்லையோ என்று. விலகிவிட்டார் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. ஐந்நூற்று எண்பத்து மூன்று உயிர்கள்! அதற்குப் பிறகுதான் உலகம் பேச்சுமுறையை மாற்றியது. சின்னவர் கேட்டாலும் பெரியவர் காது கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் வைத்தது. அத்தனை உயிர்கள் கொடுத்து உலகம் கற்ற பாடத்தை, மார்லோ ஹார்பர் இலவசமாகவே கற்றிருக்கலாம். வளைந்த ஒரு கம்பியும், ஆர்விலின் கால்சட்டையும்தான் செலவு. கற்றோமா? கோப்பை வாங்கினோம்!

என்ன இயக்குநரே? "இது விருந்துங்க கேப்டன், விவாத மேடை இல்ல" என்கிறீர்களா? உண்மைதான். விருந்தில் உண்மையைப் பரிமாறியது என் பிழை. செரிக்காதவர்கள் ஒதுக்கி வைத்துவிடுங்கள். நன்றி மேயர் அம்மையாரே. "அவங்க முடிக்கட்டும், பிரெஸ்டன், ஒக்காருங்க" என்றீர்கள். முடிக்கிறேன்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. டார்லீன் இப்போது என்ன வேலை செய்கிறார்? உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தினமும் காலையில், வழுக்கும் சாலையில், உங்கள் பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, கையசைத்து, கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கப் போகிறீர்கள். நீங்கள் பெற்ற செல்வங்களை நம்பி ஒப்படைக்கத் தகுந்த கைகள், வெறும் பனியைத் தள்ளத் தகுதியற்ற கைகளா? இதற்கு யாராவது எனக்கு விளக்கம் சொல்லுங்கள். அருவிக்காரர்களாவது சொல்லுங்கள்!

ஆகவே இந்தப் பதக்கத்தை நான் ஏற்கவில்லை. இங்கேயே, கோப்பைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றையொன்று பார்த்து வெட்கப்படட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊருக்குப் பறந்துவரும் விமானிகள் நாங்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். டெஸ்மண்டும் நானும் மட்டுமல்ல, எல்லோரும். பனி விழும் நாளில் கோபுரத்தில் ஒற்றைக் குரல் மட்டும் கேட்டால், நாங்கள் இங்கே இறங்கமாட்டோம். டுலூத் நகர விமான நிலையத்துக்குப் போவோம். அங்கிருந்து பேருந்தில் வாருங்கள். ஆர்வில், கோபிக்காதீர்கள், கார்தான் வேகம் என்று நீங்களே சொன்னீர்கள்!

இதனால் என் வேலை போகலாம். போனால் போகட்டும் என்று வீரவசனம் பேசமாட்டேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கும் அந்த இடம் எனக்குப் பிடிக்கும். பிடித்ததனால்தான் பேசுகிறேன்.

குழு உறுப்பினர்களே, கோபுரத்துக்கு ஆள் கூட்ட நீங்கள் ஒரு கையைத் தூக்கி வாக்களித்தால் போதும். நான் கேட்பது வெள்ளியும் அல்ல, தங்கமும் அல்ல, வெண்கலமும் அல்ல. அடுத்த பனி விழும் நாளில், மேகத்துக்குள்ளிருந்து நான் அழைக்கும்போது எனக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கட்டும். அதே நொடியில், மீண்டும் தன் வேலைக்குத் திரும்பி, ஓடுபாதையில் நின்று டார்லீன் அழைக்கும்போது அவருக்குப் பதில் சொல்லவும் ஒருவர் இருக்கட்டும்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமல் கேட்ட இயக்குநருக்கும், கால்கள் உறைந்தும் கலையாத உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வெளியே வழுக்குகிறது, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.