நாற்பது கேள்விகளும் ஒரு தவறான படிவமும்

மூன்றாண்டுகளாக எங்களைக் கால் தேய நடக்கவைத்து, இன்று சால்வை போர்த்தி உட்காரவைத்திருக்கும் ஆய்வுத் தலைவர் மருத்துவர் இளஞ்செழியன் அவர்களே! மேடைக்கு அணி சேர்க்கும் ஆன்றோர்களே! கதவைத் திறந்ததோடு, களைத்து வந்த எங்களுக்கு மோரும் தந்த முதலியார்பேட்டைத் தாய்மார்களே! கதவைச் சாத்திய பெரியோர்களே, உங்களை விட்டுவிடுவேனா? உங்களுக்கும் என் வணக்கம்.

நான் அமுதவல்லி. வீடு வீடாகப் போய் மனநலக் கேள்விகள் கேட்டவள். பிள்ளைப் பருவத்தில் பசித்த வயிறு, வாலிபத்தில் கிடைக்காத வேலை, நடுவயதில் தொற்றிய குடி, முதுமையில் பிரிந்த துணை, இவற்றில் எது மனத்தை எந்த வயதில் முறிக்கிறது என்று ஊரையே கேட்ட ஆய்வு இது. மூவாயிரம் வீடுகள், வீட்டுக்கு நாற்பது கேள்விகள். அறிக்கை இன்று வெளியாகிறது. பாராட்டிப் பேசத்தான் அழைத்தார்கள். நானோ ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

ஈராயிரத்து ஆறு, ஐப்பசி மாதம். லூர்துநாதன் என்றொரு பெரியவர். எழுபத்தாறு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆனந்தமேரி மறைந்து நான்கு ஆண்டு. மகன் பாரீசில். நாளை வருகிறோம் என்று முதல் நாளே சீட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். மறுநாள் போனால் எப்படி இருந்தார் தெரியுமா? இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம், மார்பில் பதக்கம், மடியில் கோப்பு.

தூக்கம் வருகிறதா என்றேன். "படுத்தா தூங்கிடுவேன்." பசிக்கிறதா? "வேளா வேளைக்கு." தனிமை வாட்டுகிறதா? "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எழுதிக்க." நாற்பதுக்கும் நலம், நலம், நலமே. மகிழ்ந்து எழுதி அன்றே அனுப்பிவிட்டேன். ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்காதது மறுவாரம்தான் தெரிந்தது. சீட்டுக் கொடுக்காமலே திரும்பப் போனேன்.

கசங்கிய லுங்கி, மழிக்காத தாடி, கழுவாத பாத்திரம். என்னைக் கண்டதும் பதறிவிட்டார். "ஏம்மா, சொல்லாம வந்துட்ட? இரு, சட்டைய மாத்திட்டு வந்துடுறேன். எதுனா தப்பா சொல்லிட்டேனா? பென்சியோன நிறுத்திடுவாங்களா?"

பென்சியோன் என்கிற பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என்னையும் அதற்கு வந்தவள் என்று எண்ணிவிட்டார். வாடியிருக்கிறேன் என்றால் வில்லங்கம் வருமோ என்று அஞ்சி, நாற்பது கேள்விக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார்.

விளக்கிச் சொன்னேன். மாற்ற எடுத்த சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டார். பிறகு, "அப்ப திரும்பக் கேளும்மா" என்றார். கையில் படிவம் இல்லை. வெறுங்கையோடு கேட்டேன். தூக்கம்? "அவ போனதுலருந்து இல்ல." பசி? "ஒருத்தனுக்கு என்னத்த ஆக்குறது?" கடந்த பதினான்கு நாளில் யாரோடாவது உட்கார்ந்து பேசினீர்களா? விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "பேசினேனே. போன வாரம் நீ வந்தியே."

வாசலுக்கு வந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அலுவலகத்தில் சொன்னேன். கணினியில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். இதோ முன்வரிசையில் ஒருவர், "மூவாயிரத்துல ஒண்ணுதானேம்மா" என்கிறார். ஆம் ஐயா, ஒன்றுதான். அந்த வீட்டில் அவரும் ஒருவர்தான்.

உயிரோடு இருக்கிறாயா என்று ஆண்டுக்கொருமுறை அரசு கேட்கிறது. எப்படி இருக்கிறாய் என்று எவர் கேட்டோம்? அண்டை வீடு கேட்டதா? ஆலயம் கேட்டதா? ஆழ்கடல் தாண்டி அவர் மகன் கேட்டானா? கேட்பதற்கென்றே போன நானாவது கேட்டேனா, எழுதத்தானே செய்தேன்? தலைவர் அவர்களே, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அமுதவல்லி நிரப்பிய ஒரு படிவம் தவறு.

அவரையும் இக்கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். "கோப்பு எடுத்தாரணுமாம்மா?" என்று கேட்டார். நீங்கள் வந்தால் போதும் என்றேன். மூன்றாம் வரிசையில் அவருக்கென்று வைத்த நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நான் முதலியார்பேட்டைக்குப் போகிறேன், படிவம் இல்லாமல். உடன் வருவோர் இருந்தால் வாசலில் காத்திருப்பேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வராத லூர்துநாதன் ஐயாவுக்கும் என் வணக்கம்.