மூன்றாவது சுவிட்ச்

விளக்கு போனால் போகட்டும், நெருங்கி உட்காருங்கள். பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? இது நடந்தது பகல் இரண்டரை மணிக்கு. அறுபத்தாறாம் வருஷம், மே மாதம். பம்பாய் செம்பூரில் ஒதுக்குப்புறமாக ஒரு சாலை... தார் உருகுகிறது. ஒரு காக்கை கூட இல்லை.

அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்து வந்தவர் கரீம் பாட்சா. என் சிநேகிதன் மன்சூர் அலியின் தாய்மாமா. மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் வெட்டும் பிரஸ்களைப் பழுது பார்ப்பவர். மன்சூர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

சந்திரமௌலி என்ற பெரிய ஆபீசர், பொத்தானை அமுக்கினால் தானே திறந்து மூடும் கேட் தன் பங்களாவுக்கு வேண்டும் என்று மாமாவைப் பிடித்தார். மாமா செய்தார். கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். தண்டவாளத்தில் உருளும் இரும்புக் கேட். அரைக் குதிரைசக்தி மோட்டார், சங்கிலி வைத்து இழுக்கும். முழுக்கத் திறந்ததும் நிறுத்த ஒரு சுவிட்ச், முழுக்க மூடியதும் நிறுத்த இன்னொன்று. மூன்றாவதுதான் விஷயமே. கேட்டின் முன்விளிம்பில் ஸ்பிரிங் வைத்த மரச்சட்டம். யார் மேலாவது பட்டால் அது ஒரு விரற்கடை உள்ளே போகும்... டக்! மோட்டார் நின்றுவிடும். வயர் அறுந்தாலும் நிற்கும். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாமல் கெட்டுப்போக வேண்டும், அதுதான் வேலை.

அதை ஏமாற்ற ஒரே வழி உண்டு. சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்கிவிடுவது. சுவிட்ச் இருக்கும். அதற்கு உயிர் இருக்காது.

மாமாவுக்கு அந்தக் கம்பியை நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் அவரே முறுக்கினார். தோல் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டாது. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று முதலாளி கேட்டார், மாமா ஒரு பொத்தானுக்குக் கம்பி முறுக்கிக் கொடுத்தார். மறு வாரம் தளவாய் என்ற தொழிலாளி இடது கையால் பொத்தானை அமுக்கினான். வலது கை உள்ளே இருந்தது. நடுவிலிருந்த மூன்று விரல்களும் போயின. ரணம் புரையோடி இருபதாம் நாள் ஆளும் போனான்.

அன்றிலிருந்து மாமாவுக்கு ஒரு வழக்கம். எந்த இயந்திரம் செய்தாலும், ஒப்படைக்குமுன் அதன் வாயில் முதலில் தன் உடம்பை வைப்பார்.

முந்தைய நாளே சந்திரமௌலி சண்டை பிடித்திருந்தார்.

"பாய், இது என்ன தொட்டாச்சிணுங்கியா? நாய் உரசினா நின்னுடறது. நாளைக்குச் சாயங்காலம் மேனேஜர் வரார், மானம் போயிடும். அந்தச் சட்டத்தை எடுத்துடுங்கோ."

"நிக்கதுக்குத்தானே சார் வச்சிருக்கேன். மானம் போனா திரும்ப வரும். வெரலு வராது. எடுக்க மாட்டேன்."

இப்போது மாமா வந்து பார்க்கிறார்... சட்டத்துக்குப் புதிதாக வெள்ளி பெயிண்ட். இன்னும் ஈரம். வழக்கம்போல முதலில் தானே நின்று பார்க்க, கேட் வந்து மூடும் தூணருகே போனார்.

"நீங்க எதுக்கு நிக்கணும்? காயட்டுமே. சட்டை வீணாயிடும்." சந்திரமௌலியின் குரல் சரியில்லை.

"பட்டா தொவைச்சுக்கிடுதேன்."

தூணில் முதுகைச் சாய்த்தார். பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினார்.

கடகட... கடகட... கேட் வருகிறது. நெஞ்சுக்கு நேராக.

அப்போதுதான் சந்திரமௌலி அலறினார். "பாய், நகருங்கோ! காலையில ஒருத்தனை விட்டுக் கம்பியை முறுக்கச் சொல்லிட்டேன்!"

நகர நேரமில்லை.

கேட் நின்றது. நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால்.

ஆனால் மோட்டார் நிற்கவில்லை. கவனியுங்கள். ம்ம்ம்... என்று உறுமுகிறது. சங்கிலி விறைத்துத் துடிக்கிறது. சுருள் கருகும் நாற்றம். அதற்கு மேலே இன்னொரு வாடை... சுண்ணாம்பில் ஊறிய தோல். செம்பூரில் ஏது தோல் கிடங்கு?

சந்திரமௌலி ஓடிப்போய் மெயினை அணைத்தார். மாமா வெளியே வந்து ஒற்றை விரலால் தள்ளினார். கேட் வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் சிக்கல் இல்லை.

சட்டத்தின் ஈரப் பெயிண்டில் ஒரு வலது கை பதிந்திருந்தது. உள்ளங்கை, கட்டைவிரல், சுண்டுவிரல். நடுவில் ஒன்றுமில்லை.

"இதுல என்னமோ இருக்கு பாய்... கேட்டே வேண்டாம், பிடுங்கிடுங்கோ!"

மாமா சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். செம்புக் கம்பியைப் பிய்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இருந்துட்டுப் போவுது. கேட்டு எங்கயும் போவாது. பயப்படணும்னா இதுக்குப் பயப்படுங்க."

மெயினைப் போட்டார். வலது கையில் கந்தல் துணியைச் சுற்றி, வரும் கேட்டுக்கு நேரே நீட்டினார். சட்டம் பட்டது. டக். மோட்டார் நின்றது. "இனிமே இது பாத்துக்கிடும்லே," என்றார், யாரிடமோ.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தாராவிக்கு வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி மெஹராஜ் துவைக்கச் சட்டையை வாங்கி விரித்தாள். மன்சூரும் பக்கத்தில் இருந்தான்.

கேட் தொடாத சட்டை. அதன் நெஞ்சில் வெள்ளி நிறத்தில் ஒரு கை. தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்த மாதிரி... இடது கை.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.