பட்டாளத்தார் சொல்லாத பதில்

மேடையில் வீற்றிருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, 'எல்லோருக்கும் கல்லூரி' இயக்கத்தின் வழக்கறிஞர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை, மறைந்த பட்டாளத்தாரின் துணைவியார் அவர்களே, அவரிடம் வரலாறு படித்த மாணவ மாணவியரே, என்னை இந்த மேடையில் பார்த்ததும் "இந்த ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். நான் தொழிலால் தையல்காரன். கல்லூரி வாசலுக்கு எதிரே கடை. அதோடு, படைவீரர் குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவன். கல்லூரியில் இலவசப் படிப்பு என்பது பட்டாளத்தில் பணியாற்றியவர்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்று இந்த ஊரில் தொண்டை கிழியப் பேசியவன் நான். இல்லை, எல்லோருக்கும் இலவசமாக வேண்டும் என்று என்னைவிட உரக்கப் பேசியவர் மறைந்த நம் பேராசிரியர். எலியும் பூனையும் என்று எங்களைச் சொல்வார்கள். நாங்கள் இருவரும் பேசுகிற கூட்டம் என்றால் நாற்காலி கிடைக்காது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா?

இன்றைக்கு என்னைப் பேச அழைக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்களாம். என் தங்கைதான் பிடிவாதமாக நின்றிருக்கிறார். "அந்த அண்ணன் பேசலைன்னா கூட்டமே வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் வீட்டாருக்கு ஆறுதல் சொல்வார்கள். நண்பர்களுக்குச் சொல்வார்கள். மாணவர்களுக்குச் சொல்வார்கள். எதிராளிக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்? அந்தத் தங்கை ஒருத்திக்குத்தான் அது தோன்றியிருக்கிறது.

பேராசிரியர் என்று நான் சொன்னதும் சிலர் விழிக்கிறீர்கள். ஆமாம், கல்லூரி முதல்வர்கூட அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார். பட்டாளத்தில் வண்டி பழுது பார்க்கிறவராக இருந்தவர். முன்நெற்றியில் வழுக்கை ஏறிய பிறகு வெளியே வந்து, படைவீரர் சலுகையில் இதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, பின்னால் இங்கேயே பேராசிரியரும் ஆனார். மாணவராக முதல் நாள் வகுப்புக்குள் அவர் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம், ஆசிரியர் வந்துவிட்டார் என்று. இவரும் பேசாமல் கைகாட்டி உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு தாங்காது.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் தன் குறிப்புகளைக் கொடுத்து அவரைத் தேர்ச்சி பெற வைத்தவள். இரண்டாம் வருடம் அவள் வரவில்லை. விசாரித்துக்கொண்டு போனால், ஒரு சலவைக் கடையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கட்டணம் கட்ட வழியில்லை.

"மாஸ்டர், அவ சொல்லிக் கொடுத்துத்தான் நான் பாஸானேன். எனக்குப் படிப்பு இலவசம். அவளுக்கு இல்ல. இது என்ன கணக்கு, சொல்லுங்க பார்ப்போம்?" என்பார்.

எங்கே வைத்துச் சொல்வார்? என் கடையில். கல்லூரி முடிந்ததும் நேரே வந்துவிடுவார். மறுநாள் எனக்கு எதிராகக் கூட்டத்தில் பேசப் போவதை முதல் நாள் சாயங்காலமே என் கடையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டுவார். "இதத்தான் நாளைக்குப் பேசப் போறேன். பதில் யோசிச்சு வைங்க, இல்லன்னா மேடையில முழிப்பீங்க" என்பார். எந்த ஊரிலாவது இப்படி ஒரு எதிராளியைக் கண்டதுண்டா? நானும் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பதில் சொல்வேன். சும்மா கிடைப்பதற்கு மதிப்பு கிடையாது என்பேன். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்பேன்.

"ரோடு போடுறவன், பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா, இவங்கல்லாம் நாட்டுக்கு உழைக்கலையா மாஸ்டர்?" என்பார் அவர்.

"உழைக்கிறாங்க. உயிரைக் குடுக்கிறாங்களா?" என்பேன் நான். அதோடு பேச்சு நின்றுபோகும். ஏன் நின்றுபோகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகன். கட்டடம் வரையப் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. துணி வெட்டும் மேசையில் சாக்கட்டியால் வீடு வீடாக வரைந்து வைப்பான். நான் துணியை விரிக்கும்போது எல்லாம் அழிந்துபோகும். தையல் கூலியில் கல்லூரிக் கட்டணம் எட்டாக்கனி. ஐந்து வருடம் பட்டாளத்தில் இருந்தால் அப்புறம் படிப்பு இலவசம் என்று விளம்பரம் வந்தது. "அஞ்சு வருஷம் தானேப்பா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும்" என்றான். நானும் சரி என்றேன். அந்த ஐந்து வருடம் முடியவில்லை. அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா அதற்கு அடுத்த வருடமே போய்விட்டாள்.

நான் மேடைதோறும் பேசிய பேச்சுக்கெல்லாம் அடியில் இருந்தது ஒரே கேள்விதான். எல்லோருக்கும் அது சும்மா கிடைக்கும் என்றால், என் பிள்ளை எதற்காகப் போனான்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். யாரும் என்னிடம் அதற்குமேல் பேசத் துணியவில்லை.

ஒரு நாள் அந்தச் சலவைக் கடைப் பெண்ணின் கதையை மறுபடியும் ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல். "படிக்கணும்னா அவளும் பட்டாளத்துல சேர்ந்திருக்கணும்!" என்று சொல்லிவிட்டேன். பட்டாளத்தார் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "இஸ்திரிப்பெட்டி சூடாகுது மாஸ்டர், துணி கருகிடப் போகுது" என்றார். அவ்வளவுதான்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இந்த நகர மன்றத்தின் கூடத்தில்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கட்டணம் பற்றிய பொது விசாரணை. அவர் பக்கம் பேச எழுந்தவர் இதோ அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா. என்னைக் கைகாட்டி, "தலைவர் அவர்களே, படிப்பு எல்லாருக்கும் இலவசமா இருந்திருந்தா, இந்தப் பெரியவரோட மகன்..." என்று தொடங்கினார். பட்டாளத்தார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார். முதல் வரிசையில் இருந்த எனக்கு அவர் பேசியது காதில் விழுந்தது.

"அது வேணாம்மா."

"சார், நம்மகிட்ட இருக்கறதுலயே பலமான வாதம் இதுதான்."

"தெரியும். வேணாம். உட்காருங்க."

அன்றைக்கு அவர்கள் தோற்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள். அந்த அம்மாவுக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். தோற்ற மனிதர் அன்று சாயங்காலம் வழக்கம்போல் என் கடைக்கு வந்தார். "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்து, "காலர் நைஞ்சு போச்சு மாஸ்டர், திருப்பித் தைச்சா இன்னும் கொஞ்ச நாள் வருமா பாருங்க" என்றார். நான் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தேன். அவர் பனியனோடு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவே இல்லை.

நண்பர்களே, என்னை ஒரே சொல்லில் வீழ்த்தக்கூடிய பதிலை அந்த மனிதர் எத்தனை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்! தன் வாழ்நாள் கோரிக்கை தோற்றாலும் பரவாயில்லை, ஒரு தகப்பன் அதைக் கூட்டத்தின் நடுவில் கேட்க வேண்டாம் என்று நினைத்தாரே, அவரை நான் எந்தப் பட்டம் சொல்லிப் புகழ்வேன்? தினமும் அவர் என்னோடு வாதாட வந்தார் என்றே நினைத்திருந்தேன். அந்த வாக்கியத்தோடு என்னைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். அவர் போனதிலிருந்து சாயங்காலத்தில் கடைக்கு யாரும் வருவதில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் முதல் வாடிக்கையாளர் வரும்வரை வாயைத் திறக்க வேலையில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் என் வாதம் என்னிடமே எடுபடவில்லை. அந்த வாக்கியம் தானாக வந்து முடிந்துகொள்கிறது. அதனால், வழக்கறிஞர் அம்மா, உங்களை முடிக்க விடாத வாக்கியத்தை இன்று நானே முடிக்கிறேன். படிப்பு எல்லோருக்கும் இலவசமாக இருந்திருந்தால் என் மகன் பட்டாளத்துக்குப் போயிருக்க மாட்டான். உயிரோடு இருந்திருப்பான்.

இதைச் சொன்னால் அவன் போனது வீணாகிவிடுமோ என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் நம் சங்கத்துப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் சலுகையில் நூலளவுகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் சலுகைக்காகவே இன்னொரு வீட்டுப் பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுகிறவன் போகட்டும். படிக்க ஆசைப்படுகிறவன் படிக்கட்டும். இதற்காக என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினால் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த மாதம் நகர மன்றத்தில் மறுபடியும் விசாரணை வருகிறது. பட்டாளத்தார் விட்ட இடத்திலிருந்து அவர் வேலையை நான் தொடர்வேன் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். வழக்கறிஞர் அம்மா, உங்கள் பக்கம் பேசுகிறவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவர் என்று போட வேண்டாம். பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் அப்பா என்று போடுங்கள்.