தம்மீதான சாட்சியத்தைத் தாமே மொழிபெயர்த்த முதலியார்

இம்மடலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை, உண்மையன்றி வேறில்லை என இச்சபை முன் ஆணையிட்டு உரைக்கின்றோம்!

வெள்ளவத்தையிலிருந்து வெள்ளென வந்து, சாட்சிக் கூண்டருகே முப்பத்தோர் ஆண்டுகள் மொழிபெயர்த்து நின்று, கூச்சலைக் குறுக்கிக் குமுறலைக் குறுவாக்கியமாக்கிய கோமானே! இன்று ஓய்வுபெறும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரே, மும்மொழி முதலியார் திரு. கனகசபாபதி அவர்களே! வாழி!

பதவியிலிருந்து இறக்குவதற்கும், சத்தியம் செய்து சாட்சி சொல்வதற்கும் ஆங்கிலத்தில் ‘டிப்போஸ்’ என்று ஒரே வினைச்சொல். தமிழில் நீக்குவது வேறு, சாட்சியமளிப்பது வேறு என்று புதிதாக வந்தோர்க்கெல்லாம் பிரித்துக் காட்டியவர் முதலியார். அவ்விரண்டும் ஒரே காலையில் அவர் தலையிலேயே விழப்பார்த்த கதையை விட்டுவிட்டு இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது வீண்.

காணி வழக்கொன்றில், “வேலியை நகர்த்தியதைக் கண்டீர்களா?” என்ற கேள்விக்குக் கொட்டாஞ்சேனை எவ்லின் அம்மா கால் மணித்தியாலம் அழுது, ஏசி, அந்தோனியாரை அழைத்துப் பதில் சொன்னார். முதலியார் நீதிபதியிடம், “இல்லையாம், ஐயா” என்று முடித்துவிட்டார். தம் சாட்சியத்தைச் சுருக்கிவிட்டாரென்று அம்மாவின் முறைப்பாடு பறந்தது, விசாரணை வந்தது. குற்றம் நிரூபணமானால் பதவி நீக்கம். பதவி போனால் வெள்ளவத்தை வாடகை வீடும் போகும்.

விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எவ்லின் அம்மாவுக்குச் சிங்களம் சரளம். ஆனால் சத்தியம் செய்தால் தமிழில்தான் சாட்சி சொல்வாராம். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் காய்ச்சலில் படுத்துவிட, எஞ்சியவர் முதலியார் ஒருவரே! குறைத்துச் சொன்னால் குற்றம் நிரூபணம். குறைக்காமல் சொன்னால் தம் வாயாலேயே தமக்குத் தண்டனை. அவருடைய கைக்குட்டை பிழியப் பிழிய நனைந்தது.

எவ்லின் அம்மா வேதாகமத்தை முத்தமிட்டார். “இந்த மனுசன் என்ட கண்ணீரைக் களவெடுத்தவரு. முதலியார், அப்பிடியே சொல்லுங்க. எனக்கும் சிங்களம் விளங்கும்!”

முதலியார் அப்படியே சொன்னார்.

“மூஞ்சியைப் பாருங்க, உப்பில்லாத சொதி மாதிரி. அதையும் சொல்லுங்க!”

சொன்னார். உப்பையும் விடவில்லை.

பிறகு வேலி தொடங்கியது. பூட்டன் காலத்தில் நட்ட கதியால் கம்பிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு வரை எல்லாம் வந்தன. மதியச் சோறு ஆறியது. தட்டெழுத்தாளரின் விரல் மரத்தது. முடிவில் அதிகாரி இரு கையெடுத்துக் கும்பிட்டு, “எத்தி, எத்தி!” என்று சிங்களத்தில் போதும் போட்டார்.

“இவ்வளவுக்கும் என்ன அர்த்தம், முதலியார்?”

மறுபடி சுருக்குவதா? முதலியார் எவ்லின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவே சுருக்கிச் சொன்னார்.

“நான் காணல்ல எண்டுதான்.”

முதலியார் அதை ஓர் எழுத்தும் குறையாமல் மொழிபெயர்த்தார். பதவி பிழைத்தது, வீடும் பிழைத்தது.

பெருந்தகையே! இனி எவருடைய பேச்சுக்கும் பொறுப்பேற்காத பெருவாழ்வு பெற்று, உறக்கம் கெடாது, உடல் தளராது, உற்றார் சூழப் பல்லாண்டு வாழ்க!

அன்பு மாறாத,
நீதிமன்றப் பணியாளர்கள், கொழும்பு.

பின்குறிப்பு: நாட்காட்டியைப் பார்த்தோம். விசாரணை நடந்ததாக மேலே ஆணையிட்டு உரைத்த அந்நாள் வெசாக் போயா விடுமுறை, நீதிமன்றம் பூட்டியிருந்தது.