வலிக்கு எத்தனை மார்க்

— நான் நர்ஸ் இல்ல தம்பி, அதை முதல்லயே சொல்லிடறேன். நர்ஸ் இதே லைன்ல இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அவங்க கேக்கறதை நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்வேன், நீங்க சொல்றதை அவங்க பாஷையில அவங்களுக்குச் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் வேலை அவ்வளவுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

— சரி மேடம். அவங்க பாஷை எனக்கும் தெரியும். படிக்க வந்து ரெண்டு வருஷமாச்சு, பாலம் கட்டறதைப் பத்தி அதுலதான் நூறு பக்கம் எழுதியிருக்கேன். காலையில வயிறு பிடிச்சதும் எல்லாம் எங்கயோ போயிடுச்சு. வாயைத் திறந்தா அம்மான்னுதான் வருது.

— அதுக்குத்தான் என்னை மாட்டி விட்டிருக்காங்க. இப்போ கேள்வி. செவிலியர் கேட்கிறார்: தாங்கள் தற்போது சுவாசித்துக்கொண்டிருக்கிறீர்களா?

— பேசிட்டுதானே இருக்கேன்.

— ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை வேணும். அவங்க கட்டத்துல டிக் போடணும்.

— ஆமா. சுவாசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

— செவிலியர் கேட்கிறார்: வலியை விவரிக்கவும்.

— விடியறப்போ தொப்புளைச் சுத்திப் பிசைஞ்சுது. அப்புறம் வலது பக்கம் கீழ இறங்கி சுருக் சுருக்குனு குத்திச்சு. இப்போ விண்ணு விண்ணுனு தெறிக்குது. இருமினா உயிர் போயிட்டு வருது மேடம்.

— இருங்க, சொல்றேன்... சொல்லிட்டேன். பிசையறது, குத்தறது, தெறிக்கறது மூணும் அங்க போறப்போ ஒரே வலியாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. செவிலியர் கேட்கிறார்: உயிர் எத்தனை முறை போய் வந்தது?

— ஐயோ, அது பேச்சுக்குச் சொன்னது.

— எனக்குப் புரியுது. ஆனா சொன்னதை அப்படியே சொல்லணுங்கறது ரூல். ஏதாவது ஒரு எண் குடுங்க.

— பூஜ்யம்னு போடச் சொல்லுங்க.

— செவிலியர் கேட்கிறார்: அருகில் யாரேனும் உள்ளனரா?

— ரூம்ல கூட இருக்கறவன் கிளாசுக்குப் போயிட்டான். நான் சமையலறைத் தரையில படுத்திருக்கேன். தரை சில்லுனு இருக்கு, அது கொஞ்சம் இதமா இருக்கு.

— செவிலியர் கேட்கிறார்: அவசரத் தொடர்புக்குக் கல்லூரியில் யாருடைய பெயரைக் கொடுத்துள்ளீர்கள்?

— என் பேரைத்தான்.

— உங்க பேரையேவா?

— இங்க வந்து ரெண்டாம் நாள் அந்த ஃபார்ம் குடுத்தாங்க. அப்போ எனக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்.

— ...இதையும் அப்படியே சொல்றேன். அவங்க டைப் பண்றாங்க. மொழிபெயர்ப்பாளர் தனிப்பட்ட முறையில் கேட்கிறார்: காலையிலேர்ந்து என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?

— முதல்ல வாயு மாத்திரை போட்டேன். அப்புறம் மூணு மணிக்குப் பரீட்சை இருக்கேன்னு டிபார்ட்மெண்டுக்கு மெயில் போட்டேன். உடனே பதில் வந்துடுச்சு. உடம்பு சரியில்லைன்னா அஞ்சு வேலை நாளுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணுமாம்.

— போன வாரமே வலிச்சிருக்கணும்.

— அப்புறம் காலேஜ் கிளினிக்குக்கு போன் பண்ணேன். பதினோரு நாள் கழிச்சு நேரம் குடுத்தாங்க. அவசரமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அவசரம்னா இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க.

— ஆம்புலன்சுக்கு நேரா போன் பண்ண வேண்டியதுதானே?

— அதெப்படி மேடம். உண்மையிலேயே முடியாதவங்க யாராவது காத்துட்டு இருப்பாங்க. நம்மளால அவங்களுக்கு எதுக்கு சிரமம். கீழ்வீட்டுத் தாத்தா வேற சைரன் கேட்டா தூக்கம் கெடும்பாரு.

— நல்ல பிள்ளை. உங்கம்மா ரொம்ப நல்லா வளர்த்திருக்காங்க. அதான் எனக்கு பயமா இருக்கு. சரி, இது முக்கியமான கேள்வி, கவனமா கேளுங்க. செவிலியர் கேட்கிறார்: உங்கள் வலிக்கு ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

— பத்துன்னா என்ன?

— தாங்கவே முடியாத வலி.

— நான் தாங்கிட்டுதானே இருக்கேன். அப்போ நாலு போடலாம்.

— தம்பி, பேச்சுக்கு நடுவுல உங்க பல்லு கடிபடற சத்தம் எனக்கு இங்க கேக்குது.

— சரி, நாலரை. எங்க வாத்தியார் யாருக்குமே அஞ்சுக்கு மேல போட்டதில்ல, அந்தப் பழக்கம்.

— அரை எல்லாம் கிடையாதாம். நாலுன்னே சொல்லிட்டேன், எனக்கு வேற வழியில்ல. அவங்க திரையில என்ன வருதுன்னா... அஞ்சுக்குக் கீழ இருந்தா பக்கத்து மருந்துக்கடையில ஆலோசனை கேக்கணும். ஏழுக்கு மேலன்னாதான் வண்டி. இன்னொரு தடவை கேக்கச் சொல்றாங்க. யோசிச்சு சொல்லுங்க தம்பி. என்னால எடுத்துக் குடுக்க முடியாது, எல்லாம் பதிவாகுது.

— இருங்க மேடம்... ஒரு நிமிஷம்... ஆ...

— தம்பி?

— தம்பி, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். அக்கா, அதிசயமா இருக்கு. வலி நின்னுடுச்சு.

— என்ன?

— சட்டுனு நின்னுடுச்சுக்கா. உள்ள எதையோ பட்டுனு அவுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அப்பாடா. இப்போ கிளம்பினா பரீட்சைக்கே போயிடலாம். கொஞ்சம் குளிருது, வேற ஒண்ணுமில்ல.

— எழுந்திரிக்காதீங்க. நான் சொல்றேன், எழுந்திரிக்காதீங்க. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பட்டுனு நின்னுச்சு. சரியாப் போச்சுன்னு சந்தோஷமா மீசையை ட்ரிம் பண்ணப் போனாரு. உள்ள குடல்வால் வெடிச்சிருந்துச்சு. அப்புறம் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி.

— இது நர்ஸ் சொல்றதா, நீங்க சொல்றதா?

— நான் சொல்றது. அவங்க கேக்கறது வேற. செவிலியர் கேட்கிறார்: தற்போதைய மதிப்பெண் என்ன?

— ரெண்டு. நியாயமா பார்த்தா ஒண்ணுதான். மரியாதைக்கு ரெண்டு.

— ரெண்டு.

— ஆமாக்கா, ரெண்டு.

— இருங்க, சொல்றேன்.

— அக்கா? என்னக்கா இவ்வளவு நேரம்? அவங்க என்ன சொன்னாங்க? மருந்துக்கடையா?

— வண்டி கிளம்பிடுச்சு. ஆறு நிமிஷத்துல வந்துடும்.

— ரெண்டு மார்க்குக்கா?

— ஒன்பது மார்க்குக்கு.

— நான் ரெண்டுன்னு தானே சொன்னேன்.

— நீங்க ரெண்டுன்னுதான் சொன்னீங்க. பத்தொன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் தம்பி. பொண்டாட்டி புருஷனைத் திட்டினதைக் கூட வார்த்தை பிசகாம சொல்லியிருக்கேன். இன்னைக்குத்தான் முதல் பொய். என் மேல புகார் குடுக்கணும்னா உடம்பு தேறினதும் குடுங்க, ஃபார்மை நானே மொழிபெயர்த்துத் தரேன்.

— அக்கா, எனக்கு ஒரு மாதிரி இருட்டிக்கிட்டு வருது.

— கண்ணை மூடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. கதவு பூட்டியிருக்கா?

— பூட்டியிருக்கு. நாலாவது மாடி, லிஃப்டும் இல்ல. நான் மெல்லத் தவழ்ந்து போய்த் திறந்துடறேன்.

— ஒரு அடி நகரக் கூடாது தம்பி, அப்படியே படுங்க. பூட்டை உடைக்கற ஆளும் அவங்க கூடவே வராங்க.

— இப்போ நகரக் கூடாதுன்னு சொன்னது யாரு? நான் இல்லையே. தம்பி, உங்க வீட்டுக்கு யாராவது வந்துட்டாங்களா?

— இல்லக்கா. குரல் போன்லேர்ந்துதான் வருது.

— நான்தான் பேசறேன், நர்ஸ். வண்டி கிளம்பினதும் பதிவு நின்னுடும், அதான் இப்போ வாயைத் திறக்கறேன். நான் பொறந்ததே தமிழ் வீட்டுலதான், ஆனா நோயாளிகிட்ட தமிழ் பேச என்கிட்ட சர்டிஃபிகேட் இல்லைன்னு உங்களைப் போட்டிருக்காங்க. அக்கா, தம்பி ரெண்டுன்னு சொன்னதும் என் காதுல விழுந்துச்சு, நீங்க ஒன்பதுன்னு மாத்தினதும் விழுந்துச்சு; இன்னும் ஒரு நிமிஷம் நீங்க யோசிச்சிருந்தா, அந்தப் பொய்யை நான் சொல்லியிருப்பேன்.