விண்வெளியில் சத்தம் கேட்காது

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஐயா. நீங்கள் மெதுவாகக் கேட்கிறீர்கள். அதனால் நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒலிப்பதிவாளன். இறந்துபோன இயக்குநர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். டிவிக்கு அவர் எடுத்த விண்வெளித் தொடருக்குச் சத்தம் அமைத்தவன் நான். அதில் ஒரு காட்சி. கதாநாயகன் விண்கலத்துக்கு வெளியே கயிறு அறுந்து மிதக்கிறான். ரேடியோ பழுது. உள்ளே இருக்கிற மனைவியைக் கூப்பிடுகிறான். காற்றே இல்லாத இடத்தில் சத்தம் ஏது? பள்ளிக்கூடத்துப் பாடம்தானே இது. அதனால் அந்தக் காட்சி முழுக்க மௌனமாகவே வைத்தேன். உதடு மட்டும் அசையும். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கே கண் கலங்கிவிட்டது. "இதுல யாரையும் கை வைக்க விடமாட்டேன், மச்சான்" என்றார். நம்பினேன்.

ஒளிபரப்பான அன்று தெருவில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில். "இப்ப பாருங்க, ஒரு சத்தமும் வராது" என்று நானே பெருமையடித்துக்கொண்டேன். வந்தது அலறல். கூடவே விண்கலம் இடி மாதிரி வெடிக்கிறது, பின்னால் ஐம்பது வயலின். எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை வேறு ஆளை வைத்துச் சேர்த்திருக்கிறார். முடிவில் ஒலியமைப்பு என்று என் பெயர் மட்டும் அப்படியே ஓடியது. பக்கத்து வீட்டு இயற்பியல் வாத்தியார், "வெற்றிடத்துல இடியா? நல்லா இருக்கே உங்க சயின்ஸ்" என்று சிரித்தார். கூடமே சிரித்தது. என் தங்கையும்தான்.

மாப்பிள்ளையிடமே கேட்டேன். "சத்தமில்லேன்னா டிவி ரிப்பேர்னு தட்டிப் பாப்பாங்க, மச்சான். சின்ன விஷயம், விடுங்க" என்றார். வேறு யாராவது செய்திருந்தால் ரெண்டு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். இது என் தங்கையைக் கொடுத்த இடம். திட்டவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அடுத்த பகுதிக்கும் ஓர் அலறல் வேண்டும் என்று அவரே குரல் கொடுக்க வந்தார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. இழுப்பு வந்தால் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பதிவறைக்குள் போகிறவர்கள் சட்டைப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும், சாவி குலுங்கினால்கூட மைக் பிடித்துவிடும். சாவி, செல்போன், இன்ஹேலர் எல்லாவற்றையும் என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"இன்னொரு தரம், மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் உச்சத்துல." நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சலிக்காமல் கத்தினார். இழுப்பு வந்துவிட்டது. கதவுக்கு வந்தார். பதிவின் நடுவே யாரும் நுழையாமல் இருக்க வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. போட்டிருந்தேன். மைக்கின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்தேன். நடுவே இரட்டைக் கண்ணாடி. நான் நினைத்த மாதிரியே அந்தக் காட்சியை அப்போதுதான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அவர் அடங்கிய பிறகு தாழ்ப்பாளை நீக்கி, இன்ஹேலரை அவர் கையில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டேன்.

தங்கை அழுது ஓய்ந்து என் தோளில் சாய்ந்திருந்தாள். "கடைசியா ஏதாவது சொன்னாராண்ணா? என்னைக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

டப்பிங்கில் காலம் தள்ளியவன் நான். உதட்டைப் பார்த்தே வசனத்தைச் சொல்லிவிடுவேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அவளுடைய செல்லப் பெயரைத்தான். கடைசித் தடவை பாதியில் நின்றுவிட்டது.

"இல்லம்மா. ஒரு சத்தமும் வரல" என்றேன்.

தாழ்ப்பாள் போட்டது நான். இன்ஹேலரைக் கொடுக்காதது நான். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தங்கையிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா.