தங்கம் தேடிப் போகாதவள்

"இன்னைக்கு என் கிளாஸ் மொத்தமும் அமெரிக்கா போயிடுச்சுக்கா" என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகும் சாயங்கால பஸ். முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள்.

"என்னடி சொல்ற?" என்றார் மூத்தவர்.

"அந்தக் காலத்துல அமெரிக்காவுல தங்கம் கிடைக்குதுன்னு ஊர் ஊரா கிளம்பிப் போனாங்கள்ல, அந்தப் பாடம். வேப்பமரத்தடிதான் தங்கம் இருக்கிற எடம், போறவங்க போங்கன்னேன். அத்தனையும் ஓடிடுச்சு. ஒருத்தி மட்டும் எந்திரிக்கவே இல்ல."

"ஏனாம்?"

"போனவங்க திரும்பி வரப்ப வூட்டுல ஆளு இருக்கணும்ல டீச்சர்ங்கிறா. அவ அப்பா சிங்கப்பூர்ல கொத்தனார் வேலை பாக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவ பக்கத்துல போயி உக்காந்துட்டேன்."

மூத்தவர் இளையவள் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன் வூட்டுக்காரரு குவைத்துலேருந்து எப்ப வராராம்?"

"நேத்து போன் பண்ணாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன்னாரு."

"சரின்னுட்டியா?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள போனை வச்சுட்டாருக்கா."